குடில்ல ஒரு ஆட்டைக் காணோம்

டிசம்பர் பொறந்தாச்சுன்னா எங்க நாகர்கோவில் பக்கம் வாசலுக்கு வாசல் ஸ்டார் தொங்க ஆரம்பிச்சிரும், எங்க வீட்டுல கூடவே ரகளையும் ஆரம்பிச்சிரும். டாமி வயசான நாட்டு நாய், எதுக்கும் அலட்டிக்க மாட்டான். ஜூலி எட்டு மாச சிப்பிப்பாறை, உடம்பு பூரா காலுதான்.

தம்பி சிமெண்ட் சாக்கு பேப்பரைக் கசக்கி பெயிண்ட் அடிச்சு மலை பண்ணி, வைக்கோல் பரப்பி, ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்து குடில் கட்டினான். குழந்தை இயேசு சொரூபத்தை 24 ராத்திரி பூசை முடிஞ்சு வந்துதான் வைப்போம், அதுவரைக்கும் அந்த எடம் காலியாத்தான் இருக்கும். காலைல பாத்தா அங்க ஜூலி சுருண்டு படுத்துருக்கா, இந்தப் பக்கம் மாதா, அந்தப் பக்கம் சூசையப்பர், மூக்கு நுனில ஒரு வைக்கோல், மூச்சு விடும்போதெல்லாம் அது ஆடுது. தொடப்பத்தோட வந்த அம்மா சிரிச்சிட்டாங்க.

கேரல் ரவுண்ட்ஸ் வந்த அன்னைக்கு இன்னும் கூத்து. டிரம் சத்தத்துக்கு ரெண்டும் சேந்து ஊளை, பாட்டுக்காரங்களே சிரிச்சு பாட்டை விட்டுட்டாங்க. கிறிஸ்மஸ் தாத்தாவப் பாத்ததும் ஜூலி ஒரே பாய்ச்சல், அவரு மிட்டாய் பையப் போட்டுட்டு திண்ணைல ஏறிட்டாரு. முகமூடிய கழட்டினா நம்ம பக்கத்து வீட்டு அண்ணன், வாசனை தெரிஞ்சதும் வால ஆட்டிக்கிட்டு அவரு தாடிய நக்குறா.

திங்கிற விஷயத்துல மட்டும் நான் ரொம்ப கறார். பிளம் கேக் ஒரு துண்டு கூட கெடையாது, அதுல இருக்க உலர்திராட்சை நாய்க்கு கிட்னிய பாதிக்கும். அதுக்கு டார்டாரிக் அமிலம்தான் காரணமா இருக்கணும்னு 2021லதான் டாக்டர்ங்க சொன்னாங்க, நம்ம புளியிலயும் அதேதான் இருக்கு, அதனால இப்போ மீன் கொழம்பு சோறும் கட். சாக்லேட் சொல்லவே வேண்டாம். சித்தி "ஒரு வாய்தானே மக்கா"ன்னு கொண்டு வருவாங்க, அவங்க கையப் பிடிச்சு நிறுத்துறதுதான் பெரிய வேலை. உப்பு போடாம வேகவச்ச கோழி, அதுதான் ரெண்டு பேருக்கும் கிறிஸ்மஸ் விருந்து. வெடி போடும்போது மட்டும் உள் ரூம்ல ஃபேன ஃபுல்லா வச்சு கூடவே உக்காந்துருவேன்.

இதுக்கு நடுவுல குடில்ல ஆறு ஆட்டுல ஒண்ணக் காணோம். ரெண்டு நாளா ஜூலிக்குத்தான் திட்டு. 26ஆம் தேதி கூட்டும்போது டாமியோட சாக்க எடுத்து உதறினா கீழ விழுந்துச்சு, ஒரு காது இல்லாம. அவன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான்.