மூன்றாவது தட்டு

"மூணாவதுக்கு மட்டும் அஞ்சு டாலர் தனியா வரும் சார்."

பயணக் கப்பலின் டைனிங் ரூமில், பரிமாறுகிறவனாக மேஜையருகே நின்று நான் சொன்னது இவ்வளவுதான். மெனுவின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொன்னேன். எட்டுப் பேர் மேஜை, மற்ற ஏழு பேர் காதிலும் விழுந்திருக்கும். மூன்று மெயின் தட்டு கேட்டவர் மெனுவை மூடினார். "அப்ப ஒண்ணு போதும்" என்றார்.

மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கியிருக்கலாம். இரண்டாவதுக்குக் காசு கிடையாது என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்தில் இருந்தவரிடம் பேசத் திரும்பிவிட்டார். ஒரு மீன் தட்டு வந்தது. எலும்பைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. எழுந்து போய்விட்டார். புகாரும் இல்லை, முகச்சுளிப்பும் இல்லை. அப்புறம் ஏன் அது இன்னும் உறுத்துகிறது என்று யோசித்தால், முதலில் அந்த ஐந்து டாலரிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

மெயின் டைனிங் ரூமில் சாப்பாடு டிக்கெட் பணத்துக்குள் அடங்கியது. ஸ்டார்ட்டர், சூப், சாலட், டெசர்ட் எத்தனை கேட்டாலும் கணக்கு ஏறாது. மெயின் கோர்ஸ் முதல் இரண்டு தட்டு வரை அப்படித்தான். மூன்றாவதிலிருந்து தட்டுக்கு 5 டாலர். லாப்ஸ்டர் போடும் ஃபார்மல் இரவில் விதி இன்னும் இறுகும். முதல் வால்துண்டு இலவசம், அடுத்தது ஒவ்வொன்றும் 17 டாலரை ஒட்டி வரும். மெனுவில் தனிக் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் ஸ்டீக்குக்கு முதல் தட்டிலேயே 20 டாலருக்கு மேல். நிறுவனத்துக்கு நிறுவனம் எண்கள் மாறும், கட்டமைப்பு ஏறக்குறைய இதுதான். சில நிறுவனங்களில் மூன்றாவது தட்டுக்குக் காசே கிடையாது.

காரணம் கேட்டால் வீணாவதைக் குறைக்க என்பார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். கப்பலில் மிச்சமான சோறு குப்பைத் தொட்டியோடு முடிகிற விஷயம் இல்லை. கப்பல்கள் கடலை மாசாக்குவதைத் தடுக்கும் மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்புப்படி, உணவுக் கழிவை 25 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கும் அளவுக்கு அரைத்த பிறகுதான் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால், அதுவும் கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது, கடலில் விடலாம். அரைக்காமல் விட வேண்டுமானால் 12 மைல். மத்தியதரைக் கடல், கரீபியன் மாதிரி சிறப்புப் பகுதிகளில் அரைத்ததையே 12 மைலுக்கு அப்பால்தான் விட முடியும். அதனால் துறைமுகத்தில் நிற்கிற நாளில் பல்பர் என்ற இயந்திரத்தில் போட்டு அரைத்துக் கூழாக்கிப் பிழிந்ததை எங்கேயாவது சேர்த்து வைத்தாக வேண்டும். அந்த வாடைக்குப் பக்கத்தில் வேலை செய்தவர்களுக்கு மிச்சம் வைக்கிற தட்டு மேல் கோபம் வருவது சகஜம்.

ஆனால் விதி மிச்சத்தை எண்ணவில்லை, ஆர்டரை எண்ணுகிறது. அதே மேஜையில் இன்னொருவர் அன்று இரண்டு மெயின் வாங்கினார். ஒன்று ஆட்டுக்கறி, ஒன்று பாஸ்தா. இரண்டிலும் ஒரு துண்டு வெட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். அவர் கணக்கில் ஒரு சென்ட் ஏறவில்லை. விதிப்படி ஏறவும் கூடாது.

மூன்று கேட்டவரோ ஸ்டார்ட்டர் தொடமாட்டார், சூப் வேண்டாம் என்பார், டெசர்ட் பக்கம் போகமாட்டார். நான்கைந்து வகை வரிசையாக வரும் என்ற கணக்கில்தான் கப்பலில் மெயின் தட்டுக்கு அளவு வைக்கிறார்கள். முன்னும் பின்னும் எதுவும் எடுக்காதவருக்கு ஒரு தட்டு பாதி வயிறுகூட நிரப்பாது. மூன்று மெயின் அவருக்கு ஒரு சாப்பாடு. நான்கு வகை சாப்பிட்டு எழுந்தவரைவிட அவர் அதிகம் தின்றார் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கணக்கு ஆர்டர் ஏற்றுகிற டேப்லெட்டுக்குத் தெரியாது. மேஜையருகே நின்றவனுக்குத் தெரியும்.

முதல் நாள் இரவு அவருக்கு மூன்று தட்டு போயிருந்தது, காசில்லாமல். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆர்டர் சீட் நம்பர் வாரியாகத்தான் ஏறும். மூன்றாம் சீட்டில் இரண்டு மெயின் நிறைந்துவிட்டால், ஒன்றோடு நிறுத்திக்கொண்ட ஐந்தாம் சீட்டில் அடுத்ததைப் போட்டுவிடலாம். சமையலறையில் தட்டைக் கட்டி விடுபவருக்கு சீட் நம்பர் முக்கியமில்லை, எத்தனை மீன், எத்தனை கறி என்பதுதான் வேண்டும். தட்டை மேஜை நடுவில் வைத்து "எல்லாரும் ருசி பாருங்க" என்றால் முடிந்தது. எட்டுப் பேர் மேஜையில் இப்படிக் காலி இடம் எப்போதும் கிடைக்கும். பழைய கைகள் எல்லாம் செய்வது.

இரண்டாம் நாள் ஏன் செய்யவில்லை? அன்று மாலை பிரீஃபிங்கில் ஹெட் வெயிட்டர் கூடுதல் தட்டு விஷயத்தை எடுத்துச் சொல்லியிருந்தார். எட்டு மணிப் பந்தியில் அவர் எனக்குப் பின்னால் இரண்டு மேஜை தள்ளி நின்றுகொண்டிருந்தார். இது காரணமா சாக்கா என்று பிரித்துச் சொல்ல வரவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை என்பதும் உண்மை.

சொல்லாமல் போட்டிருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். கப்பலில் யாரும் பாக்கெட்டில் கை விடுவதில்லை. கேபின் அட்டையைத் தட்டினால் ஃபோலியோ என்கிற அறைக் கணக்கில் ஏறும், அவ்வளவுதான். கடைசி இரவு ஆப்பிலோ டிவியிலோ அறைக்கு வரும் தாளிலோ வரிசையாகப் பார்க்கும்போதுதான் "டைனிங் ரூம் 5.00" கண்ணில் படும். மறுநாள் காலை இறங்கும் அவசரத்தில் கெஸ்ட் சர்வீஸ் வரிசை படியிறங்கி நீளும். அங்கே ஐந்து டாலருக்குச் சண்டை போட்டால் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், வரிசை நகர்ந்தால் போதும் அவர்களுக்கு. புகார்க் குறிப்பு மட்டும் மேஜை நம்பரோடு கீழே எங்களுக்கு வரும். அதனால் முன்கூட்டிச் சொல்வதே நேர்மை. இது வரைக்கும் என் பக்கம் நியாயம் இருக்கிறது.

எப்படிச் சொன்னேன் என்பதில்தான் தடுமாற்றம். இதற்கு வழிகள் உண்டு. குனிந்து, மெனுவில் அந்த வரியை விரலால் காட்டினால் வாயே திறக்க வேண்டாம். இல்லையென்றால் "ரெண்டு இப்ப கொண்டு வர்றேன், மூணாவது வேணுமான்னு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடலாம். இரண்டாவது தட்டு முடிவதற்குள் பாதிப் பேருக்கு வயிறு நிறைந்துவிடும். மீதிப் பேருக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். "ரெண்டு வரைக்கும் காசில்ல" என்று ஆரம்பித்திருந்தால்கூட அவர் இரண்டு சாப்பிட்டிருப்பார். நான் காசில் ஆரம்பித்தேன். ஒரே விதியை வாலிலிருந்து சொல்வதற்கும் தலையிலிருந்து சொல்வதற்கும் ஒரு தட்டு வித்தியாசம்.

கப்பலிலேயே தனிக் காசு கொடுத்துச் சாப்பிடுகிற ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்டில் இந்தச் சங்கடம் கிடையாது. அங்கே வாசலிலேயே விலை நிற்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் கவர் சார்ஜ் 50 டாலர் என்றால் 18 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து 59, 20 சதவீதம் போடுகிற கப்பலில் 60. கப்பலேறுவதற்கு முன்பே ஆன்லைனில் எடுத்தால் பெரும்பாலும் குறையும். ஏறிய முதல் நாள் இரவும், துறைமுகத்தில் பிந்தி நிற்கும் இரவும் மேஜை காலியாகக் கிடக்கும் என்பதால் அன்றைக்குத் தள்ளுபடி கேட்டுப் பார்க்கலாம். புக் செய்துவிட்டுப் போகாமல் விட்டால் காசு போகும், எத்தனை மணி நேரம் முன்பு ரத்து செய்ய வேண்டும் என்பதை அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுப் பேக்கேஜ் எடுத்தவர்களுக்கும் சில தட்டுகளுக்கு மேல்காசு உண்டு, அதைப் பலர் உட்கார்ந்த பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். பானத்துக்குத் துறைமுகத்தில் நிற்கும்போது உள்ளூர் விற்பனை வரி ஏறும் ஊர்களும் உண்டு. ஃபுளோரிடாவிலும் டெக்சாஸிலும் கரையில் கட்டியிருக்கும்போது வாங்கிய அதே கோப்பை, நடுக்கடலுக்குப் போனதும் சில காசு மலிவாகிவிடும்.

இதெல்லாம் ஆட்களுக்குப் பழகிவிட்டது. அறைக்குச் சாப்பாடு கொண்டு வருவது ஒரு காலத்தில் சும்மா. நார்வீஜியன் கப்பல் நிறுவனம் 2015இல் அதற்கு 7.95 டாலர் போட்டது, ராயல் கரீபியன் 2017இல் அதே தொகையைப் போட்டது. இரண்டு முறையும் முணுமுணுப்பு எழுந்து அடங்கிவிட்டது. பெரிய நிறுவனங்களின் வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கு வெளியே, கப்பலுக்குள் விற்கிற சங்கதிகளிலிருந்து வருகிறது. 2024 ஜூலை 1 முதல், மறைமுகக் கட்டணங்களைத் தடுக்கும் கலிஃபோர்னியா சட்டத்துக்காகப் பல நிறுவனங்கள் விளம்பர விலையிலேயே துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்துக் காட்ட ஆரம்பித்தன. மூன்றாவது தட்டு அந்த விலைக்குள் வராது, வரவும் முடியாது. யாருக்குப் பசிக்கும் என்று டிக்கெட் விற்கும்போது யாருக்குத் தெரியும்?

ஆனாலும் இலவசம் என்று நினைத்து, பரிமாறுவதற்காகக் காத்து உட்கார்கிற ஒரே இடம் டைனிங் ரூம். வெள்ளைத் துணி விரித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நாற்காலியை இழுத்து விடுகிற இடம். அங்கே டாலர் என்ற சொல் விழுந்தால் ஒலி வேறு மாதிரி இருக்கிறது. மூன்றாம் நாள் இரவு ரொட்டிக் கூடையை வைக்கும்போது அவர் கேட்டார்:

"இதுக்கு?"

"இல்ல சார், இது சும்மா."

ஒரு ரொட்டி எடுத்தார். கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா தெரியவில்லை. கேலி என்பது கப்பலில் சமையலறைக்கும் பெயர், அதனால் இந்தச் சொல்லை எழுதும்போதே கை தயங்குகிறது. கடைசி இரவு வரை அவர் ஒரு தட்டுக்கு மேல் கேட்கவில்லை. பகலில் பஃபேயில் பார்த்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார் என்றார்கள். அங்கே தட்டை யாரும் எண்ணுவதில்லை. அப்படியானால் பட்டினி ஒன்றும் கிடக்கவில்லை, நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்றும் வருகிறது. ஒருவேளை இரண்டாம் நாள் அவருக்கு உண்மையிலேயே ஒன்று போதுமாக இருந்திருக்கலாம். அப்படியிருந்தால் மூன்று கேட்டிருக்க மாட்டார்.

பஃபேயைச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பல்களுக்குச் சுகாதார விதி கறாரானது. சூடான பண்டம் 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. வெப்பத்துக்குப் பதிலாக நேரக் கணக்கில் வைக்கிற பண்டமாக இருந்தால் நான்கு மணி நேரம், அதற்கு மேல் நன்றாக இருந்தாலும் குப்பைதான். ஒரு மதியத்தில் பஃபேயிலிருந்து தள்ளுகிற தட்டங்களுக்கு முன்னால் டைனிங் ரூமின் மூன்றாவது தட்டு தூசு.

அதற்கு அடுத்த பயணத்தில் யோசித்து ஒன்று செய்தேன். முதல் இரவே, ஆர்டர் எடுப்பதற்கு முன், மேஜைக்குப் பொதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னேன்: ரெண்டு மெயின் வரைக்கும் தாராளமா கேளுங்க, அதுக்கு மேலதான் அஞ்சு டாலர். யாரையும் குத்தாத முறை, தலையிலிருந்து சொல்லும் முறை. எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். எட்டுப் பேரும் ஒவ்வொன்று கேட்டார்கள். ஒருவர்கூட இரண்டாவது கேட்கவில்லை, அந்த இரவு மட்டும் இல்லை, ஏழு இரவும்.

சமையலறை ஆர்டர் வந்த பிறகு அரிசி களைவதில்லை. முந்தைய பயணங்களில் அந்த மெனுவுக்கு மீன் எத்தனை போனது, கறி எத்தனை போனது என்ற கணக்கை வைத்து மதியமே எண்ணிக்கை முடிவாகிவிடும். ஐந்தரை மணிப் பந்திக்கு ஒரு கொத்து, எட்டு மணிப் பந்திக்கு ஒரு கொத்து என்று தட்டங்களில் ஏற்றி சூட்டுப் பெட்டிக்குள் போய்விடும். ஒவ்வொரு மேஜையும் இரண்டாவதாக ஓரிரண்டு கேட்கும் என்பதும் அந்தக் கணக்கில் உண்டு.

அன்று பத்தேகால் மணிக்குச் சூட்டுப் பெட்டியைத் திறந்தபோது, ஓரம் காய்ந்து சுருண்ட மீன் துண்டுகள் ஒரு தட்டம் முழுக்க அப்படியே இருந்தன. பையன் ஒருவன் கரண்டியால் வழித்து பல்பருக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். நாங்கள் துறைமுகத்தில்தான் இருந்தோம், அதனால் கூழை டிரம்மில் பிடித்து மூடி வைத்தான்.