கரையேறுறது

நவம்பர் 19, 2024, செவ்வாய்

ராத்திரி ஐசியூவில் அப்பாவுக்கு மூச்சு மாஸ்க் போட்டுவிட்டார்கள். மெஷின் சத்தம் வராண்டா வரைக்கும் கேட்கிறது.

நவம்பர் 20, புதன்

பாஸ் ஒன்றுதான். காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம். மற்ற நேரமெல்லாம் இந்த இரும்பு நாற்காலிதான்.

உள்ளே போனபோது அப்பா முழித்திருந்தார். மாஸ்க்கின் மேல்விளிம்பு அழுத்தி மூக்குத்தண்டு சிவந்துபோயிருக்கிறது. சிஸ்டர் அங்கே சின்னதாக ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். பட்டையைத் தளர்த்தச் சொல்லி விரலால் காட்டினார் அப்பா. தளர்த்தினால் அலாரம் அடிக்கும். பஞ்சை நனைத்து உதட்டோரம் ஒற்றிவிட்டு வந்தேன்.

மருமகன் போன் செய்தான். "மாமா, தாத்தா டார்த் வேடர் மாதிரி மூச்சு விடுறாராமே?" ஸ்டார் வார்ஸ் படத்து முகமூடி வில்லன். நேற்று அக்காவிடம் நான் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டதாம். அப்படியானால் அக்கா போனை வைக்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் வாயில் வைக்கும் கருவிக்குள் மைக்கை விட்டுத்தான் படத்தின் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் அந்த மூச்சைப் பதிவு செய்தார் என்று சொன்னேன். அவனுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. பதினாலு வயசு.

நவம்பர் 21, வியாழன்

தூக்கம் இல்லை. பையன் கேட்டது தலைக்குள் சுற்றுகிறது. "கடைசியில ஒரே ஒரு ஆளைக் காப்பாத்தினா எல்லாம் சரியாயிடுமா மாமா?"

அந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பேரரசன் மின்னலைப் பாய்ச்சுகிறான், வேடரின் மகன் லூக் தரையில் துடிக்கிறான், அப்பாவைக் கூப்பிடுகிறான். வேடர் இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார். அப்புறம் பேரரசனை அப்படியே தூக்கிப் பாதாளத்தில் போடுகிறார். 1983-இல் வந்தபோது அதில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. 2011 ப்ளூரேயில் 'நோ' என்று கத்த வைத்துவிட்டார்கள். பேசாமல் செய்ததுதான் நம்பும்படி இருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வராத ஆட்கள் எப்படியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

சரி, ஆனால் யாருக்காகத் திரும்பினார்? மகனுக்காக. 2005 படத்தில் குருகுலத்துக் குழந்தைகளை வெட்டினாரே, அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்காகவும் இல்லை. அல்டரான் கிரகத்தை வெடிக்கச் சொன்னது பேரரசின் அதிகாரி டார்கின்தான், ஒத்துக்கொள்கிறேன். சொந்த மகள் லேயாவை நகரவிடாமல் பிடித்து நிறுத்தி அதைப் பார்க்க வைத்தது யார்?

அக்காவின் இடது மணிக்கட்டு இன்னும் முழுசாக மடங்காது.

என்னைத் தோளில் உட்காரவைத்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்குக் கூட்டிப்போனவரும் அதே ஆள்தான். சுண்டல் பொட்டலத்தில் மாங்காய்த் துண்டை மட்டும் பொறுக்கி எனக்குக் கொடுப்பார்.

நவம்பர் 22, வெள்ளி

அக்கா போன் எடுக்கவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

துணி எடுக்கக் கடலூர் போய் வந்தேன். சித்தப்பா மகன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டான். அக்கா தோசை ஊற்றினாள். அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் சாப்பிட்டேனா, ராத்திரி கொசு கடிக்கிறதா, அவ்வளவுதான்.

பையன் விடவில்லை. "ரிடெம்ப்ஷனுக்குத் தமிழ்ல என்ன மாமா?" மீட்சி என்றேன். அடுப்படியிலிருந்து அக்கா, "கரையேறுறது" என்றாள்.

அதைப் பிடித்துக்கொண்டு நான் அப்பர் கதையை எடுத்தேன். நம்ம ஊர்க் கதைதானே. நீற்றறையில் வைத்தான், விஷம் கொடுத்தான், யானையை ஏவினான், கடைசியில் கல்லில் கட்டிக் கடலில் போட்டான் பல்லவ ராஜா. கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூரில் கரை சேர்ந்தார் அப்பர். அப்புறம் அந்த ராஜாவே சைவனாகி, திருவதிகையில் குணபர ஈச்சரம் கட்டினான் என்று பெரிய புராணம் சொல்கிறது. ஆகவே, யார் வேண்டுமானாலும் கரையேறலாம்.

"அந்தக் கோயிலுக்குக் கல் எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் அக்கா.

சமணப் பள்ளிகளை இடித்து எடுத்த கல். அதுவும் பெரிய புராணத்திலேயே இருக்கிறது. எனக்கு வாய் அடைத்துவிட்டது. சைவருக்குக் கரையேறினவன் சமணருக்கு அன்றைக்குத்தான் வில்லன் ஆனான்.

தோற்றுப்போன கோபத்தில் அப்பரின் அக்கா திலகவதியாரை இழுத்தேன். வீட்டை விட்டுப் போனவன் சூலை நோயோடு திரும்பி வந்தபோது ஒரு வார்த்தை கேட்காமல் திருநீறு கொடுத்து ஏற்றுக்கொண்ட அக்கா அவள் என்றேன். அக்கா தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாள். "அவ தம்பியைத்தாண்டா ஏத்துக்கிட்டா. அப்பனை இல்ல."

பஸ்ஸில் அரியாங்குப்பம் வரைக்கும் அதே வரி.

நவம்பர் 25, திங்கள்

ஆக்சிஜன் 88. சாயங்காலம் 91.

நவம்பர் 27, புதன்

இன்று எரிச்சல். யார் மேல் என்று தெரியவில்லை.

இந்தக் கதைகளில் ஒரு சௌகரியம் இருக்கிறது. திருந்தின உடனே ஆள் செத்துவிடுகிறான். வேடர் செத்தார். 2019-இல் அவர் பேரன் கைலோ ரென்னும் அப்படித்தான். 2015-இல் சொந்த அப்பனையே கொன்றவன், நாயகி ரேயைப் பிழைக்க வைத்த கையோடு போய்விட்டான். மறுநாள் காலையில் அவனுக்குக் காபி ஆற்றிக் கொடுக்க ஆள் தேவையில்லை. மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டாம், பெட்பேன் வைக்க வேண்டாம். திருந்தி உயிரோடு இருபது வருஷம் திண்ணையில் உட்கார்ந்து தினத்தந்தி படிக்கிறவரை என்ன செய்வது என்று எந்தப் படத்திலும் சொல்லித்தரவில்லை.

அம்மா இருந்தால், "எந்த வேடன்டா? கண்ணப்பனா?" என்பாள்.

நவம்பர் 29, வெள்ளி

காற்று மாறிவிட்டது. வராண்டா ஜன்னலுக்கு அட்டை வைத்து அடைத்தார்கள். பக்கத்து நாற்காலி அம்மா பிஸ்கட் பாக்கெட் ஆறு வாங்கி வைத்திருக்கிறார், எனக்கும் சேர்த்தாம்.

நவம்பர் 30, சனி

ராத்திரி புயல் பாண்டி பக்கத்திலேயே கரையைக் கடந்தது. கரன்ட் போய் ஜெனரேட்டர் ஏறுவதற்குள் இருட்டு. அந்த இருட்டில் உள்ளேயிருந்து மாஸ்க் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. மெஷினுக்குப் பேட்டரி உண்டாம், அப்புறம்தான் சொன்னார்கள். அப்போது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மூச்சாக எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு.

டிசம்பர் 1, ஞாயிறு

24 மணி நேரத்தில் 46 செ.மீ. மழை என்கிறார்கள். வாசலில் முழங்கால் தண்ணீர். ஐசியூ மாடியில் இருப்பதால் பிழைத்தோம்.

டிசம்பர் 2, திங்கள்

சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் பெண்ணையாற்றில் வருகிறது. கடலூர் பஸ் இல்லை. இனி அக்கா வராததற்குக் காரணம் வெள்ளம் என்று நாலு பேரிடம் சொல்லலாம். இந்த நினைப்பு வந்ததற்கு வெட்கமாக இருந்தது.

டிசம்பர் 3, செவ்வாய்

பையன் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினான். கடைசிக் காட்சியில் ஆவியாக வந்து நிற்கும் அனகின், வேடரின் நிஜப் பெயர் அது. 1983-இல் செபாஸ்டியன் ஷா, வயசான முகம். 2004 டிவிடியில் அந்த முகத்தை எடுத்துவிட்டு ஹேடன் கிறிஸ்டென்சனின் இளவயசு முகத்தை வைத்தார்கள். "உங்களுக்கு எது பிடிக்கும் மாமா?"

வயசானதுதான் என்று உடனே அடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த முகம் அது. அனுப்பிய பிறகு உறைத்தது. அக்காவுக்குத் தெரிந்தது இளவயசு முகம். இரண்டு பேரும் இத்தனை வருஷமாக ஒரே ஆளைப் பற்றித்தான் சண்டை போடுகிறோமா?

இன்னொன்றும் உறைத்தது. வேடரை எரிக்கிற இடத்தில் லூக் மட்டும்தான் நிற்கிறான். லேயா பார்க்கவே இல்லை அந்த முகத்தை. நீ பார்க்கிறாயா என்று அவளை யாரும் கேட்கவும் இல்லை. லூக் மன்னித்தான், மேளம் அடித்தார்கள், படம் முடிந்தது. நான் மட்டும் அக்காவிடம் என்ன கேட்டேன்? எப்போது வருகிறாய் என்றுதான் பதினைந்து நாளாகக் கேட்கிறேன். பார்க்க வேண்டுமா என்று ஒரு தடவைகூட இல்லை.

டிசம்பர் 4, புதன்

கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "வீட்டுக்குள்ள சேறு, கழுவணும்" என்றாள்.

டிசம்பர் 5, வியாழன்

மூக்குத்தண்டுப் புண் கொஞ்சம் ஆறியிருக்கிறது. நாளைக் காலை மாஸ்க்கை ஒரு மணி நேரம் எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அக்காவிடம் சொன்னேன். எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.