ரூட் இல்லாத சர்வரில் மாஷ் கம்பைல் செய்த கதை

மாஷ் என்பது இணைப்பு அறுந்தாலும் தாங்கும் ரிமோட் லாகின் கருவி. சூடோ, அதாவது நிர்வாகி அதிகாரம், கையில் இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டியதே இல்லை. ஆப்ட் என்ற பேக்கேஜ் கருவியில் ஒரே வரி, வேலை முடிந்தது. எனக்கு வாய்த்தது உபுண்டு 18.04 ஓடும் ஒரு பொது சர்வர், அதில் எனக்கு ரூட் (நிர்வாகி கணக்கு) கிடையாது. மாஷ் போட்டுத் தரச் சொல்லி, அதைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டேன். "அதான் எஸ்.எஸ்.எச். இருக்கே தம்பி, அப்புறம் இன்னொண்ணு எதுக்கு?" என்றார்.

எஸ்.எஸ்.எச்.தான் தூரத்து சர்வருக்குள் நுழையும் வழக்கமான வழி. பிறகு மாஷ் எதற்கு என்று விளக்கிப் பார்த்தேன். சாயங்கால ரயிலில் தாம்பரம் தாண்டினால் சிக்னல் போய்ப் போய் வரும், ஐ.பி. மாறும், எஸ்.எஸ்.எச். அப்படியே உறைந்துவிடும். மாஷ் உள்ளே நுழைய மட்டும்தான் எஸ்.எஸ்.எச்.சைப் பயன்படுத்தும், அதற்கப்புறம் எல்லாம் யு.டி.பி. என்ற நெட்வொர்க் முறையில்தான், இணைப்பு அறுந்தாலும் திரும்பத் தானாக ஒட்டிக்கொள்ளும் என்றேன். 2012-ல் எம்.ஐ.டி.யில் கீத் வின்ஸ்டீனும் ஹரி பாலகிருஷ்ணனும் எழுதிய கட்டுரையையும் அனுப்பினேன். ஹரி நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. சரி, என் ஹோம் டைரக்டரியிலேயே சோர்ஸ் கோடிலிருந்து கம்பைல் செய்துகொள்வோம் என்று இறங்கினேன்.

மாஷ் 1.4.0-வின் ரிலீஸ் டார்பாலை (சோர்ஸ் கோட் கட்டு) எடுங்கள், கிட் குளோன் வேண்டாம். டார்பாலில், கம்பைலுக்கு முன் சர்வரைச் சோதித்துப் பார்க்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் தயாராக இருக்கும். குளோன் செய்தால் அதை உருவாக்க ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக் எல்லாம் தேடி அலைய வேண்டும். மாஷுக்குத் தேவையான லைப்ரரிகளில் என்கர்சஸ், ஓப்பன்-எஸ்.எஸ்.எல்., இசட்-லிப் மூன்றின் ஹெடர்களும் (கம்பைலுக்கு வேண்டிய ஃபைல்கள்) சர்வரில் ஏற்கெனவே இருந்தன. இல்லாதது புரோட்டோபஃப் என்ற, டேட்டாவைப் பொதியும் லைப்ரரி ஒன்றுதான். மொத்தப் பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பம்.

இன்றைய புதிய புரோட்டோபஃபைத் தொடாதீர்கள். பதிப்பு 22-லிருந்து கன்ஃபிகர், மேக் என்ற பழைய வழியையே எடுத்துவிட்டார்கள். சி-மேக்கோ பேசலோ (வேறு பில்டு கருவிகள்) வேண்டும், கூடவே ஆப்சேல் என்ற இன்னொரு லைப்ரரியும் வேண்டும். பழைய வழியில் போகக் கடைசி வரிசை 3.21. நான் எடுத்தது 3.21.12. கிட்ஹப்பில் அதன் ரிலீஸ் பெயர் வெறும் 21.12 என்றுதான் இருக்கும், 3.21 என்று தேடிவிட்டுக் காணோம் என்று திரும்பிவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில் 'சோர்ஸ் கோட்' என்று இருக்கும் ஜிப்பும் வேண்டாம், அதில் கன்ஃபிகர் இருக்காது. சி.பி.பி. என்று பெயரில் உள்ள டார்பால்தான் சரி.

புரோட்டோபஃப் அமைதியாக கம்பைல் ஆனது. பிறகு மாஷில் மேக் கொடுத்தால், 'இந்த ஃபைல் பழைய புரோட்டோசியால் உருவானது, உன் ஹெடருக்கு ஒத்துவராது' என்று ஒரு எரர். புரோட்டோசி என்பது புரோட்டோபஃபோடு வரும் கம்பைலர். நேற்று இறக்கியது எப்படிப் பழையதாகும்? பார்த்தால் சர்வரில் யாரோ எப்போதோ போட்ட புரோட்டோசி 3.0.0 உட்கார்ந்திருக்கிறது. மாஷின் கன்ஃபிகர், பாத்தில் (ஷெல் கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) முதலில் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் உங்கள் ஹோமில் உள்ள பின் ஃபோல்டரை பாத்தில் முதலில் வையுங்கள், மேக் கிளீன் கொடுங்கள், கன்ஃபிகரை மறுபடி ஓட்டுங்கள். கிளீன் செய்யாவிட்டால் பழைய ஃபைல்கள் அப்படியே கிடந்து அதே எரரைத் தரும்.

மேக் இன்ஸ்டால் முடிந்தது. சர்வருக்குள் உட்கார்ந்து மாஷ்-சர்வரை ஓட்டினால் ஓடுகிறது. லேப்டாப்பிலிருந்து அழைத்தால், 'மாஷ்-சர்வர் என்று ஒரு கமாண்டே இல்லை'!

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பாத்தை பாஷ்-ஆர்.சி.யில் (ஷெல் தொடங்கும்போது படிக்கும் ஃபைல்) எழுதியிருக்கிறேன், உள்ளே போய் எக்கோ செய்தால் சரியாகக் காட்டுகிறது. அந்த ஃபைலைத் திறந்து மேலிருந்து படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. உபுண்டு தரும் பாஷ்-ஆர்.சி.யின் தொடக்கத்திலேயே நாலைந்து வரியில் ஒரு கேஸ் (நிபந்தனை) இருக்கிறது: ஷெல் இன்டராக்டிவ் இல்லையென்றால், அதாவது ஆள் உட்கார்ந்து டைப் செய்யவில்லையென்றால், ரிட்டர்ன். மாஷ் எஸ்.எஸ்.எச். வழியாக அனுப்பும் கமாண்ட் இன்டராக்டிவ் இல்லை. ஆக, அந்த கேஸுக்குக் கீழே நாம் எழுதும் எதுவும் அதற்குத் தெரியாது, வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட விருந்தாளிக்குப் பந்தியில் என்ன போட்டார்கள் என்று தெரியாத மாதிரி. பாத் வரியை கேஸுக்கு மேலே ஏற்றுங்கள்.

லைப்ரரிக்கும் இதே கதைதான். லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்.டி. லைப்ரரி பாத் வேரியபிளையும் கீழே வைத்திருந்தால் 'லிப்புரோட்டோபஃப் எஸ்.ஓ. 32 கிடைக்கவில்லை' என்று வரும். அதையும் மேலே ஏற்றலாம்தான், ஆனால் எனக்கு அந்த வேரியபிளையே பிடிக்காது. புரோட்டோபஃபை ஷேர்டு இல்லாமல், ஸ்டாட்டிக்காக (மாஷுக்குள்ளேயே சேர்ந்துவிடும்படி) மட்டும் மறுபடி கம்பைல் செய்தேன். பழைய எஸ்.ஓ. (ஷேர்டு லைப்ரரி) ஃபைல்களை ஹோமிலிருந்து அழித்துவிட்டுத்தான் மாஷை லிங்க் செய்ய வேண்டும், இல்லையென்றால் லிங்கர் அவற்றையே எடுத்துக்கொள்ளும். கடைசியில், எந்தெந்த ஷேர்டு லைப்ரரி தேவை என்று காட்டும் எல்.டி.டி.யை ஓட்டிப் பாருங்கள், புரோட்டோபஃப் பெயரே வரக் கூடாது.

அடுத்த முட்டுக்கட்டை தமிழ். என் லேப்டாப்பில் லோக்கேல் (மொழி, எழுத்து அமைப்பு) தமிழ். சர்வரில் அது இல்லை, இருப்பது சி யு.டி.எஃப்-8. நீ கேட்ட லோக்கேல் இங்கே இல்லை, யு.டி.எஃப்-8 இல்லாமல் நான் ஓடமாட்டேன் என்று மாஷ்-சர்வர் அடம்பிடித்தது. புதிய லோக்கேலை உருவாக்கும் லோக்கேல்-ஜென்னை ஓட்ட ரூட் வேண்டும். மாஷ் அழைக்கும்போது மட்டும் லேப்டாப்பில் எல்.சி. ஆல் என்ற வேரியபிளை சி யு.டி.எஃப்-8 ஆக்கிவிட்டேன். டெர்மினலில் தமிழ் எழுத்துகள் போகவில்லை, எல்லாம் தெரிகின்றன.

பிறகு ஃபயர்வால். யு.டி.பி. போர்ட் 60001-ல் எதுவும் வரவில்லை என்று மாஷ் சொல்லிவிட்டுக் காத்திருந்தது. மறுபடி அதே சர்வர்காரரிடம் போனேன். மாஷ் வழக்கமாக 60000 முதல் 61000 வரை கேட்கும். ஆயிரம் போர்ட் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு செஷனுக்கு ஒரு போர்ட்தான் சார், 60001 முதல் 60010 வரை பத்து போதும் என்றேன். மறுநாள் திறந்துவிட்டார்! முதலிலேயே குறைவாகக் கேளுங்கள். மாஷ் கமாண்டில் பி ஆப்ஷனில் அந்த ரேஞ்சைக் கொடுத்துவிட வேண்டும்.

பத்து போர்ட்தான் என்றால் ஒரு எச்சரிக்கையும் உண்டு. லேப்டாப் சார்ஜ் தீர்ந்து அணைந்தால் சர்வரில் மாஷ்-சர்வர் சாகாது, போர்ட்டைப் பிடித்துக்கொண்டு காத்தே கிடக்கும். லாகின் செய்யும்போது 'டிடாச் ஆன செஷன் இருக்கிறது' என்று பிராசஸ் எண்ணோடு காட்டினால், அவற்றைக் கில் செய்யுங்கள். மாஷ் சர்வர் நெட்வொர்க் டைம்அவுட் என்ற வேரியபிளில் 604800 நொடி, அதாவது ஒரு வாரம், வைத்துவிட்டால் அதுவே போய்விடும். அந்த வரியும் பாஷ்-ஆர்.சி.யில் கேஸுக்கு மேலேதான்.