அடுத்த மார்ச் வரைக்கும்

"அடுத்த மார்ச் வரைக்கும் ஆர்டர் புக் ஃபுல்லா இருக்கு."

நான் சொன்னது இவ்வளவுதான். ஏழு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அன்றைய ஷீட்டை இப்போது திறந்தாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் எங்கள் நிலக்கரிச் சுரங்கத்து ஃபோர்மேன் என்னிடம் மார்ச்சைப் பற்றிக் கேட்கவில்லை. "பையனைச் சிவப்புத் தொப்பி வகுப்புல சேத்துடலாமா தம்பி?" என்றுதான் கேட்டார். அவர் வாயில் அது ஆங்கிலத்தில் 'சன்', அதாவது மகனே. எங்களுக்குள் பன்னிரண்டு வயதுதான் வித்தியாசம் என்பதால் நான் தம்பி என்றே எடுத்துக்கொள்வேன்.

மேற்கு வர்ஜீனியாவில் நிலத்தடிச் சுரங்கத்துக்குள் புதிதாக இறங்குகிறவர் 80 மணி நேரப் பயிற்சி முடித்துப் பரீட்சை எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் கொஞ்ச காலம் சிவப்பு ஹெல்மெட்தான். ஆள் புதுசு, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதற்கு அடையாளம். பையனுக்கு அப்போது 19. வட கரோலினாவில் மாமா வீட்டில் தங்கி எலெக்ட்ரீஷியன் வேலை பழகலாம் என்று இன்னொரு பேச்சும் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு மனசு இரண்டு பக்கமும் போய்வந்திருக்கிறது. ஏற்றுமதிப் பிரிவில் உட்கார்ந்து கரி விற்கிறவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று என்னிடம் கேட்டுவிட்டார்.

அவர் கேட்டது இருபது வருஷக் கணக்கு. நான் சொன்னது பதினோரு மாதக் கணக்கு.

2018 ஏப்ரல் அது. இறக்குமதி எஃகுக்கு 25 சதவீத வரி அமலாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எல்லார் வாயிலும் அதுதான் பேச்சு. "எஃகு இனிமே வெளியிலேர்ந்து வராது. இங்கேயே உருக்கணும். உருக்க கோக் வேணும். கோக்குக்கு நாங்க வேணும்." (கோக் என்பது எஃகு ஆலைக்காகக் கரியைச் சுட்டுச் செய்யும் எரிபொருள். அதற்கு உகந்த கரிதான் கோக்கிங் கரி; எங்களுடையது அதுதான்.) எவ்வளவு நேரான கணக்கு! அதில் ஓட்டை எங்கே என்று எனக்குத் தெரியும். அமெரிக்க எஃகில் பத்தில் ஏழு பங்கு, பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கிச் செய்வது; அதற்கு கோக் அடுப்பு வேண்டியதில்லை. கோக் போட்டு எரிக்கும் ஊது உலை வைத்திருக்கும் ஆலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் கரியில் பெரும்பகுதி ரயிலேறி நார்ஃபோக் துறைமுகம் போய்க் கப்பலில் ஏறுவது. வெளிநாட்டுக்காரன் வாங்கினால்தான் இங்கே பெல்ட் ஓடும். அவன் எஃகுக்கு நாம் வரி போட்டால், பதிலுக்கு அவன் எதன் மேல் போடுவான்?

முந்தின வருஷத்துக் கதையும் எனக்குத் தெரியும். 2017 மார்ச் கடைசியில் டெபி என்ற புயல் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தை அடித்தது. சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதைகள் வாரக்கணக்கில் படுத்துவிட்டன. டன் 150 டாலர் அளவில் கிடந்த கோக்கிங் கரி, மூன்று வாரத்துக்குள் 300ஐத் தொட்டது. எங்களிடம் இரண்டாவது ஷிஃப்டுக்கு ஆள் எடுத்தது அதற்குப் பிறகுதான். ஃபோர்மேன் சொல்லும் காரணம் வேறு. அவருடைய பிக்கப் வண்டி டாஷ்போர்டில் டிரம்பின் தேர்தல் தொப்பி ஒன்று வெயிலில் வெளுத்துக் கிடக்கும் (அதுவும் சிவப்புத் தொப்பிதான்). அதைக் காட்டி, "வந்தாரு, ஷிஃப்ட் வந்துச்சு" என்பார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பழம் வேறெங்கோ அடித்த காற்றில் விழுந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷம் வேலையில்லாமல் இருந்துவிட்டுப் பழத்தைக் கையில் வாங்கியவரிடம் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதைப் பெருந்தன்மை என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் என்பதும் தவறில்லை. விசாவில் இருக்கிறவன், கம்பெனியின் சுரங்கத்தில் நின்றுகொண்டு, கம்பெனி ஆள் எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், "வேண்டாம், சேர்க்காதீங்க" என்று சொல்வதா? அது மேலே போய்ச் சேர எத்தனை நிமிஷம் ஆகும்?

அவர் எந்த இடத்தில் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். கரி கழுவும் ஆலையின் ஆய்வுக்கூடம். ஒரு கிராம் பொடியைச் சின்ன மூசையில் போட்டுச் சூடேற்றுவார்கள். நல்ல கோக்கிங் கரி பூரி மாதிரி உப்பும். உப்பிய கட்டியை அட்டையில் வரைந்திருக்கும் உருவங்களோடு ஒப்பிட்டு நம்பர் போடுவார்கள். 9தான் உச்சம். ஃபோர்மேன் அட்டையைப் பார்க்கமாட்டார். அன்றும் கட்டியை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, "எட்டரை" என்றார். எட்டரைதான். மூன்றரை அடி உயரச் சுரங்கத்தில் எட்டு மணி நேரம் மண்டியிட்டு நகர்ந்துவிட்டு வந்தவர். குளித்த பிறகும் இமையோரத்தில் கரி மை தீட்டியதுபோல ஒட்டியிருந்தது. கட்டியைக் கீழே வைக்காமலே பையனைப் பற்றிக் கேட்டார். என் முன்னால் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் இருந்ததைப் படித்துவிட்டேன். அவர் தலையாட்டினார், அதோடு சரி.

"உன் பையனா இருந்தா என்ன செய்வே?" என்றும் அவர் கேட்டதாக எனக்கு ஒரு ஞாபகம் இருக்கிறது. உண்மையில் அவர் அப்படிக் கேட்கவில்லை. பின்னால் எப்போதோ நானே சேர்த்துக்கொண்டது. அதற்கான பதில் மட்டும் யோசிக்காமலே வந்துவிடுகிறது.

பையன் மே மாதம் வகுப்பில் சேர்ந்தான். ஆகஸ்ட் 23 அன்று சீனா அமெரிக்க நிலக்கரி மேல் 25 சதவீதம் போட்டது. எங்கள் கரி அங்கே அதிகம் போகாததால் அலுவலகத்தில் யாரும் அலறவில்லை. அந்த வருஷம் நாட்டின் நிலக்கரி ஏற்றுமதி 11.5 கோடி டன்னைத் தாண்டியது. 2016இல் அது 6 கோடிதான். நான் சொன்ன மார்ச்சும் வந்தது. சொன்னபடி ஆர்டரும் இருந்தது. ஒரு வருஷம் மனசாட்சி தொந்தரவு செய்யவில்லை.

2019 கோடையில் பக்கத்துக் கென்டக்கியில், ஹார்லன் வட்டாரத்தில், ஒரு கம்பெனி திவாலாகிச் சம்பளக் காசோலைகள் திரும்பிவந்தன. தொழிலாளர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து கரி ரயிலை மறித்தார்கள். அந்தப் படத்தை ஃபோர்மேன் எனக்கு அனுப்பினார், ஒரு வார்த்தையும் எழுதாமல். அடுத்த வசந்தத்தில் எங்கள் சுரங்கமும் நின்றது. எனக்கு வீட்டிலிருந்து வேலை. பையனுக்கு வீடு மட்டும்.

இங்கேயே முடிந்திருந்தால், தப்பு செய்துவிட்டேன் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். முடியவில்லை. 2020 கடைசியில் சீனாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சண்டை முற்றி, சீனா ஆஸ்திரேலியக் கரியை இறக்கவிடாமல் நிறுத்தியது. அடுத்த வருஷம் அதே சீனா எங்கள் பக்கம் வந்து வாங்கியது. பையனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய மறுமாதம் கோக்கிங் கரி 600 டாலரைத் தாண்டியது. ஓவர்டைம் மேல் ஓவர்டைம். 23 வயதில் பையன் வீடு வாங்கினான், படம் அனுப்பினான். அந்த வயதில் நான் ஐந்து பேரோடு ஒரே அறையில் இருந்தவன்.

2018இல் நான் மனசில் வைத்திருந்ததைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "இது நாலைஞ்சு வருஷம்கூடத் தாங்காது, வட கரோலினாவுக்கு அனுப்புங்க" என்றிருந்தால், 2020இல் நான் தீர்க்கதரிசி, 2022இல் முட்டாள். இந்த இரண்டு ஏற்றத்திலும் வாஷிங்டன் போட்ட வரிக்குப் பங்கில்லை என்று எனக்கு இன்னும் நிச்சயம்தான். ஆனால் அந்த நிச்சயத்தை வைத்துக்கொண்டு பையனுக்கு என்ன செய்ய முடியும்? எதனால் விலை ஏறியது என்பது என் தொழில். அவனுக்கு வேண்டியது ஏறியிருக்கும்போது சம்பளம். அந்த அளவில் அப்பா, பிள்ளை இருவருக்கும் என்னைவிடத் தெளிவு அதிகம். இப்படி எழுதி முடித்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. அடுத்த நிமிஷமே, ஆறுதல் தேடித்தானே இப்படி எழுதுகிறாய் என்றும் தோன்றுகிறது.

2025 பிப்ரவரி 10 முதல் சீனா எங்கள் கரி மேல் மறுபடியும் 15 சதவீத வரி போட்டது. விலையும் 200 டாலருக்குக் கீழே கிடந்தது. ஏப்ரல் 8 அன்று வெள்ளை மாளிகையில் ஹெல்மெட் போட்ட சுரங்கத் தொழிலாளர்களைப் பின்னால் நிறுத்திவைத்து, நிலக்கரியை மீட்பதற்கான ஆணைகளில் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். 2011 வாக்கில் 90 ஆயிரம் பேர் செய்த வேலையை இன்று 40 ஆயிரம் சொச்சம் பேர் செய்கிறார்கள். என் போனுக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பதிலும் தயாராக வைத்திருந்தேன். இந்த முறை திரையைப் பார்க்காமல் பேச வேண்டும் என்று முடிவு.

அதே நாளில் இன்னொரு அறிவிப்பும் வந்தது. சுரங்கக் காற்றில் சிலிக்கா தூசிக்கான வரம்பைப் பாதியாக, கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமாகக் குறைக்கும் விதி அடுத்த வாரம் அமலாக இருந்தது. அதைத் தள்ளிவைத்தார்கள். எங்கள் பக்கத்தில் தடித்த கரிப் படலங்கள் வெட்டித் தீர்ந்துவிட்டன. மெல்லிய படலத்தை எடுக்கக் கரியோடு பாறையையும் சேர்த்து வெட்ட வேண்டும். தூசி அதிலிருந்துதான். மத்திய அப்பலாச்சியாவில் 25 வருஷத்துக்கு மேல் உழைத்த சுரங்கத் தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவருக்குக் கருநுரையீரல் நோய். அதைக் கண்டுபிடிக்க இலவசமாக எக்ஸ்ரே எடுத்துத் தருவது மார்கன்டவுனில் இருக்கும் அரசு ஆய்வு மையம். அங்கே ஒரு வாரம் முன்புதான் கூண்டோடு பணிநீக்கக் கடிதம் கொடுத்திருந்தார்கள்.

இரவு பையனிடமிருந்து செய்தி வந்தது. ஆணையைப் பற்றி இல்லை, வரியைப் பற்றியும் இல்லை. "மார்கன்டவுன் எக்ஸ்ரே வேன் இந்தக் கோடையில வருமா, உங்களுக்கு ஏதாவது தெரியுமா? அப்பாவையும் கூட்டிட்டுப் போகணும்."

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்தேன். மே மாதம் மேற்கு வர்ஜீனியாவிலேயே ஒரு நீதிபதி, அந்தப் பரிசோதனைப் பிரிவின் ஆட்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லி உத்தரவிட்டார். செய்தியை உடனே அனுப்பினேன்.

"சரி. வேன் எந்தத் தேதி வரும்?" என்று கேட்டான்.

தேதி என்னிடம் இல்லை. செப்டம்பர் வரைக்கும் எந்தக் கப்பலில் எத்தனை டன் என்பது இருக்கிறது.