ஏழு பெட்டிகளும் ஒரு பூட்டும்

எங்கள் நிறுவனத்தின் உள் போர்ட்டல் மெதுவாக இருக்கிறது என்ற புகார் நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே உண்டு. விடுப்பு, வருகைப் பதிவு, செலவுக் கணக்கு, சம்பளச் சீட்டு எல்லாம் அதில்தான். வெளியே உள்ள ஒரு வலைத்தளம் இழுத்தடித்தால் வாடிக்கையாளர் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார், நிர்வாகத்துக்கும் மறுநாளே உறைக்கும். உள் போர்ட்டலை விட்டு யாரும் போக முடியாது. உட்கார்ந்து காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. இந்த வேலை என் கைக்கு வந்தபோது எனக்கு அதுதான் உறுத்தியது.

முதலில் சர்வரின் ரேமை இரட்டிப்பாக்கினோம். ஒன்றும் மாறவில்லை. சிபியு பாதிக்கு மேல் சும்மாதான் கிடந்தது, ஆனாலும் பக்கம் வரவில்லை. சர்வருக்கு வேலை அதிகம் என்று நினைத்திருந்தோம். அது எதற்காகவோ காத்துக்கொண்டிருந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது.

கணக்குப் பிரிவில் செலவுக் கோரிக்கைகளுக்கு ஒப்புதல் தரும் ஒரு அக்காவின் பக்கத்தில் ஒரு காலை முழுக்க உட்கார்ந்தேன். அவர் ஒரு கோரிக்கையைக் கிளிக் செய்வார், உடனே மேஜையில் இருக்கும் பில்களைப் புரட்ட ஆரம்பித்துவிடுவார். "இது வர்ற வரைக்கும் இதையாவது பார்க்கலாமே தம்பி" என்றார். பக்கம் 11 விநாடியில் வந்துவிட்டது. அவர் திரையைத் திரும்பிப் பார்க்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993-இலேயே மூன்று எல்லைகளைக் குறித்து வைத்தார்: 0.1 விநாடிக்குள் வந்தால் உடனே நடந்ததுபோல் இருக்கும், 1 விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது, 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறு பக்கம் போய்விடும். அந்த மூன்றாவது எல்லையை அன்று என் கண்ணெதிரே பார்த்தேன். 11 விநாடி தாமதம் அவருக்கு ஒரு நிமிடமாகிவிடுகிறது, அதுவும் ஒவ்வொரு கோரிக்கைக்கும்.

இன்னொன்றையும் கவனித்தேன். நேரத்தை மிச்சப்படுத்த அவர் ஐந்து கோரிக்கைகளை ஐந்து பிரவுசர் டேப்களில் ஒரே சமயம் திறந்து வைப்பார். ஆனால் அவை ஒன்றாக வராது. ஒன்று முடிந்தபின் அடுத்தது, அது முடிந்தபின் அதற்கடுத்தது என்று வரிசையாகத்தான் வந்தன. அதைப் பார்த்ததும் என் இடத்துக்கு ஓடிப்போய் முகப்புப் பக்கத்தைத் திறந்து, பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைப் பார்த்தேன்.

முகப்பில் ஏழு பெட்டிகள்: விடுப்பு இருப்பு, நிலுவை ஒப்புதல்கள், அறிவிப்புகள் இப்படி. ஏழும் சர்வருக்குப் போகும் தனித்தனிக் கோரிக்கைகளாக ஒரே நொடியில் கிளம்புகின்றன. ஆனால் முடிந்த நேரங்களைப் பார்த்தால் மாடிப்படி போல இருந்தது. ஒவ்வொன்றும் தனியாக ஓடினால் ஒரு விநாடி, ஒன்றரை விநாடிதான் ஆகும். சேர்ந்து கிளம்பும்போது கடைசிப் பெட்டி ஒன்பதாவது விநாடியில் வந்து நின்றது.

காரணம் செஷன் பூட்டு. செஷன் என்பது உள்ளே வந்திருக்கும் ஆள் யார் என்பது போன்றவற்றைச் சர்வர் எடுத்துவைக்கும் குறிப்பு. எங்கள் போர்ட்டல் பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதியது. பிஎச்பி இயல்பாகவே செஷனை ஒரு கோப்பில் வைக்கும். ஒரு கோரிக்கை செஷனைத் திறந்தால் அந்தக் கோப்பைப் பூட்டிக்கொள்ளும், ஸ்கிரிப்ட் முடியும்வரை விடாது. அதே ஆளின் அடுத்த கோரிக்கை அந்தப் பூட்டுக்காக வாசலில் நிற்கும். இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் செஷனை எழுதிக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. தவறான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஏழு பெட்டிகளில் ஆறு, யார் உள்ளே வந்திருக்கிறார் என்பதைப் படிக்க மட்டுமே செஷனைத் தொட்டன. அந்த அக்கா நேரம் மிச்சப்படுத்தத் திறந்த ஐந்து டேப்களும் ஒன்றையொன்று காக்க வைத்துக்கொண்டிருந்தன. அதை அவரிடம் விளக்கும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

தீர்வு ஒரே வரி. பயனர் யார் என்று படித்ததும் 'செஷன் ரைட் க்ளோஸ்' என்று செஷனை மூடிவிட வேண்டும். பிஎச்பி 7.0 முதல் படித்தவுடனே தானாக மூடிவிடும் வசதியும் இருக்கிறது. ஒரு இடத்தில் மட்டும் அடிபட்டோம். அறிவிப்புப் பெட்டி, கடைசியாகப் பார்த்த அறிவிப்பின் எண்ணைச் செஷனில் எழுதிவந்தது. மூடியபின் எழுதுவது சேமிக்கப்படாது, பிழைச் செய்தியும் வராது. படித்த அறிவிப்பே திரும்பத் திரும்பப் புதிதாகத் தெரிகிறது என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னார்கள். அந்த எண்ணை டேட்டாபேஸுக்கு மாற்றினோம். முகப்பு இப்போது இரண்டு விநாடிக்குள் வந்துவிடுகிறது.

அடுத்தது ஒப்புதல் பட்டியல். 200 கோரிக்கைகள் கொண்ட பட்டியலைக் காட்ட டேட்டாபேஸுக்கு 401 குவெரிகள் (தகவல் கேட்கும் கட்டளைகள்) போயின: பட்டியலுக்கு ஒன்று, ஒவ்வொரு வரிசைக்கும் ஊழியர் பெயருக்கு ஒன்று, துறைக்கு ஒன்று. டேபிள்களைச் சேர்த்துப் படிக்கும் ஜாயின் போட்டு ஒரே குவெரியாக்கினேன். அப்படியும் இழுத்தது. குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டுப் பார்த்தால், ஒப்புதல் வரலாற்று டேபிளை முதலிலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டிருந்தது. எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸில், இன்னொரு டேபிளைச் சுட்டும் ஃபாரின் கீ போட்டால் அந்த நெடுவரிசைக்கு, தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ் தானாக வராது. நாம்தான் போட வேண்டும். எங்களில் யாருமே போட்டிருக்கவில்லை.

கம்ப்ரஷன் விஷயம் சின்னதுதான். எங்கள் வலைச் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸில், அனுப்புவதைச் சுருக்கும் ஜிசிப்பை ஆன் செய்திருந்தார்கள், ஆனால் வகைகளைக் குறிப்பிடாவிட்டால் அது எச்டிஎம்எல்லை மட்டுமே சுருக்கும். ஜாவாஸ்கிரிப்டும் ஜேசனும் முழு எடையோடு போய்க்கொண்டிருந்தன. ஒரு வரி சேர்த்ததும் சரியானது.

பேச்சு எழும்போதெல்லாம் யாராவது "ரெடிஸ் போட்டு எல்லாத்தையும் கேஷ் பண்ணிடலாமே" என்பார்கள். ஒருமுறை எடுத்த விடையை ரெடிஸ் போன்ற கிடங்கில் வைத்து, மறுபடி கேட்கும்போது அதையே தருவதுதான் கேஷ். நான் ஒத்துக்கொள்ளவில்லை. விடுப்பு இருப்பு ஐந்து நிமிடம் பழையதாக இருந்தால், அதை நம்பி ஒருவர் விண்ணப்பம் போட்டுவிடுவார். எது யாருடையது என்று குறிக்கும் கேஷ் சாவியில் ஒரு பிழை வந்தால் ஒருவரின் சம்பளச் சீட்டு இன்னொருவருக்குத் தெரியும். மெதுவான குவெரியைச் சரிசெய்யாமல் அதன் மேல் கேஷ் வைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. லோகோ, ஸ்டைல் கோப்பு போன்றவற்றை மட்டும் பிரவுசரில் ஒரு வருடம் தங்கும்படி வைத்தோம்.

சராசரி நேரத்தையும் இப்போது பார்ப்பதில்லை. அது எப்போதும் நன்றாகவே இருந்தது, ஏனென்றால் லோகோவுக்கான கோரிக்கையும் அதில் சேர்ந்திருந்தது. காலை 9 முதல் 10 வரை, ஒப்புதல் பக்கங்களுக்கு மட்டும், 95-ஆவது பெர்சென்டைல் என்ன, அதாவது நூற்றில் 95 கோரிக்கைகள் எத்தனை விநாடிக்குள் முடிகின்றன என்றுதான் பார்க்கிறோம்.

மாதக் கடைசி எக்ஸெல் அறிக்கை இன்னும் 40 விநாடி எடுக்கிறது. அதைப் பின்னணி வேலையாக மாற்றி, தயாரானதும் மெயில் அனுப்பலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த அறிக்கையைத் திறந்துவைத்து அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்காவிடம் கேட்டிருக்கிறேன், இந்த மாதக் கடைசியில் மறுபடியும் பக்கத்தில் உட்காரப் போகிறேன்.