அல்ட்ராமேனின் பேட்டையில் ஒரு மாலை

ஷிஞ்சுகுவில் ஒடக்யூ லைன் பிடித்தால் சோஷிகயா-ஓகுரா அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். எக்ஸ்பிரஸ் இங்கே நிற்காது, லோக்கலில் ஏறுங்கள். டோக்கியோ பார்க்க வருகிறவர்கள் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. நான் வந்தது அல்ட்ராமேனுக்காக: பழைய ஜப்பானிய டிவி தொடரில் ராட்சத மிருகங்களோடு சண்டை போடும் மாவீரன். ஸ்டேஷனில் ரயில் வரும்போது ஒலிப்பதே அல்ட்ரா தொடரின் பாட்டுதான். வெளியே வந்தால் 2006இல் வைத்த சிலை. கதையில் 40 மீட்டர் உயரம், 35,000 டன் எடை. இங்கே பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் அளவு.

1966 ஜூலையில் தொடங்கி அடுத்த ஏப்ரலில் முடிந்த தொடர், மொத்தம் 39 அத்தியாயம். பயணத்துக்கு முன்புதான் பார்க்க ஆரம்பித்தேன். முதல் அத்தியாயத்திலேயே அசந்துவிட்டேன். விண்வெளியிலிருந்து வரும் இந்த மாவீரன் முதலில் செய்வது ஒரு விபத்து! ஒரு மிருகத்தைத் துரத்திக்கொண்டு வரும் வேகத்தில் பூமியைக் காக்கும் படையில் இருக்கும் ஹயாதாவின் விமானத்தில் மோதி ஆளைக் கொன்றுவிடுகிறான். மன்னிப்புக் கேட்டு, தன் உயிரையே பகிர்ந்து கொடுக்கிறான். இனி என்ன ஆகும் என்று ஹயாதா கேட்டால், கவலைப்படாதே என்று ஒரு சிரிப்பு வேறு. கொஞ்சம் வில்லத்தனமான சிரிப்பு.

முகத்தைப் பார்த்தீர்களானால், தொடக்க அத்தியாயங்களில் வாயைச் சுற்றிச் சுருக்கம் சுருக்கமாக இருக்கும். ரப்பர் முகமூடி. கண்ணுக்குக் கீழே கறுப்பாக ஒரு சின்னத் துளை தெரியும். அல்ட்ராமேன் உடைக்குள் இருந்த நடிகர் ஃபுருயா அதன் வழியாகத்தான் வெளியே பார்த்தார். கவனித்துவிட்டால் அப்புறம் சண்டையில் கண் அங்கேயே போகிறது. மிருகங்களும் அப்படித்தான். 1965இல் சினிமாவில் வந்த பரகானின் உடையையே மாற்றி, மூன்றாம் அத்தியாயத்தில் நெரொங்கா ஆக்கியிருக்கிறார்கள். அண்ணன் சட்டையைப் பிடித்துத் தம்பிக்குத் தைப்பது மாதிரி. ஜிராஸ் என்ற மிருகம் வருகிற பத்தாம் அத்தியாயத்தில் இன்னும் துணிச்சல்: காட்ஸில்லா உடைக்கே கழுத்தைச் சுற்றி விசிறி மாதிரி ஒரு மடிப்பை மாட்டி அனுப்பிவிட்டார்கள். சண்டையில் அல்ட்ராமேன் அதைப் பிய்த்து எடுத்து, காளைச் சண்டைக்காரன் துணியை ஆட்டுவதுபோல் ஆட்டுகிறான். விழுந்து விழுந்து சிரித்தேன்.

இந்தச் சிக்கனத்துக்குப் பின்னால் இருந்தவர் எய்ஜி ட்சுபுராயா, 1954இல் காட்ஸில்லாவுக்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் செய்தவர். 1963இல் அவர் தொடங்கிய நிறுவனம் பல வருடம் இந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கினுதாவில்தான் இருந்தது. பழைய கட்டடம் இப்போது இல்லை. ஆனால் கடைத்தெருவே அல்ட்ராமேன் பெயரை எடுத்துக்கொண்டுவிட்டது. தெரு முனையில் வளைவின் மேல் அவன் பறக்கிறான், விளக்குக் கம்பத்தின் உச்சியில் அவன் தலை. கீழே யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, சைக்கிள் கூடையில் வெங்காயத்தாளோடு போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

நடக்க நடக்க எனக்கு வேறொன்று உறைத்தது. தாழ்ந்த மாடி வீடுகள், குறுகிய சந்து, தலைக்கு மேல் ஒயர்கள்: தொடரில் மிருகங்கள் மிதித்து நொறுக்கும் மினியேச்சர் ஊரும் இதே மாதிரிதான். பக்கத்துத் தெருவை அளவெடுத்துச் செய்தார்களோ என்று தோன்றியது. வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே நின்றால் இந்த 40 மீட்டர் ஆள் எடுபடமாட்டான்.

சக்தி தீரப்போவதைக் காட்ட அவன் மார்பில் மினுக்கும் விளக்கு, கலர் டைமர். அது அல்ட்ராமேனின் வடிவமைப்பாளர் தோரு நரிதாவுக்குப் பிடிக்கவில்லையாம். எனக்கென்னவோ அதுதான் தொடரின் உயிர். நீலம் சிவப்பாகி அடித்துக்கொள்ள ஆரம்பித்ததும் நாமும் நுனி இருக்கைக்கு வந்துவிடுகிறோம்.

போகிறவர்கள் ஒரு முழுச் சாயங்காலம் ஒதுக்குங்கள், டிக்கெட் எதுவும் வேண்டாம். நேரம் மிச்சமிருந்தால் அடுத்த ஸ்டேஷன் செய்ஜோகாகுவென்-மாயே. காட்ஸில்லா படங்களை எடுத்த தோஹோ ஸ்டூடியோ அந்தப் பக்கம்தான். சுவரில் காட்ஸில்லா பெரிதாக நிற்கிறது, விசிறி இல்லாமல்.