சந்திர வாக்கியங்களைக் கணினியிடம் கொடுத்தபோது

சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது ஹட்டன் பக்கத்துக் கோயில்களில் பழைய வாய்பாடுகளைப் பின்பற்றும் வாக்கிய பஞ்சாங்கத்தின்படி ஒரு புண்ணியகாலமும், வானில் காணும் நிலைக்கேற்பத் திருத்திக் கணிக்கும் திருக்கணிதத்தின்படி இன்னொன்றும் அறிவிக்கப்படுவது மலையகத்தில் எல்லோருக்கும் பழகிய செய்தி. எது சரி என்ற வாதத்தில் எனக்கு ஈடுபாடு இல்லை. வாக்கியக் கணிதத்தின் அடியிலுள்ள பழைய அட்டவணைகள் ஏடுகளின் வழியே எவ்வளவு பிழையின்றி வந்து சேர்ந்தன என்பதையே கணினியைக் கொண்டு சோதிக்க விரும்பினேன்.

அந்த அட்டவணைகளுள் ஒன்று, பழைய வானியலாளர் வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள்; எண்களை மறைத்துவைத்த சிறு தொடர்களான இவை 248. சந்திரன் புவிக்கு மிகத் தொலைவில் இருக்கும் நிலையிலிருந்து தொடங்கி, நாளுக்கு ஒன்றாக அதன் இடத்தை அவை சொல்கின்றன. எண்கள் கடபயாதி முறையில், அதாவது ஒவ்வொரு மெய்யும் ஓர் இலக்கத்தைக் குறிக்கும் முறையில், எழுத்துகளாக இருக்கும். ‘கீர்ந ச்ரேய’ என்ற முதல் வாக்கியத்தின் எழுத்துகள் முறையே 3, 0, 2, 1. பின்னிருந்து வாசித்தால் 12 பாகை 03 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை). ஆனால் வடமொழியின் நான்கு ககரங்களுக்கும் (முறையே 1, 2, 3, 4) வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்தத்தில் தனித்தனி எழுத்து உண்டு, தமிழில் ஒன்றே. தமிழெழுத்தில் படியெடுத்த ஏட்டில் அந்த 3 என்பது 1, 2, 4 ஆகவும் வாசிக்கப்படலாம்.

இவ்விடத்தில்தான் கணினி உதவுகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இயலக்கூடிய எல்லா மதிப்புகளையும் நிரல் அடுக்கிக்கொள்கிறது. பிறகு, நாளொன்றுக்கான நகர்வு 12 பாகைக்குச் சற்று மேலிருந்து 14 பாகைக்குச் சற்று மேல் வரை சீராக ஏறி இறங்க வேண்டும் என்ற விதியால் பொருந்தாதவற்றைக் கழிக்கிறது. இதைவிட வலுவான சோதனையும் உண்டு. 248 நாட்களில் சந்திரன் தன் வேகச் சுழற்சியை ஏறத்தாழ 9 முறை முடிப்பதால் அட்டவணை நடுவிலிருந்து இருபுறமும் சமச்சீராக அமைகிறது; 360 பாகை கொண்ட முழுச் சுற்றுகளை நீக்கினால், முதல் நாளின் மதிப்பும் 247ஆம் நாளின் மதிப்பும் சேர்ந்து கடைசி வாக்கியத்தின் 27 பாகை 44 கலையைத் தர வேண்டும். ஆகவே 247ஆம் நாளுக்கு 15 பாகை 41 கலை கிடைத்தால் முதல் எழுத்தின் ஐயம் தீர்கிறது. ஒரு வரியைப் பூஞ்சணம் தின்றிருந்தாலும் அதன் இணை வரி சாட்சி சொல்லும். (எங்கள் ஈரக் காற்றில் பூஞ்சணத்துக்குக் குறைவில்லை.)

எழுத்துகளைக் கணினியே படிக்கும் முயற்சியை நான் நம்பவில்லை. ஏட்டில் புள்ளி இராது, ரகரமும் காலும் ஒன்றுபோல் தெரியும். கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்வதே மேல்.

சீர்மையை மட்டும் நம்பினால் வேறொரு மரபையும் பிழையென்று திருத்திவிட நேரும். கேரளக் கணிதவியலாளரான சங்கமகிராம மாதவர் இவ்வாக்கியங்களை விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு) வரை துல்லியமாக்கினார். அவற்றின் சாயல் கலந்த ஏடு நிரலின் கண்ணுக்குப் பழுதாகவே படும். அதனால் ஏட்டில் உள்ளதையும் நிரல் கணித்ததையும் தனித்தனிப் பத்திகளில் வைக்கிறேன். விலகல் ஒரு வரியோடு நின்றால் அது பெரும்பாலும் படியெடுத்தவரின் கைப்பிழை; நெடுக ஒரே போக்கில் வந்தால் அங்கே நிரலைத்தான் மாற்ற வேண்டும்.